சிவப்புக் கண்ணாடித் துணியும் அமலன் கண்ணும்

ரெசின் வாடை மூக்குல ஏறுச்சுன்னா ரெண்டு நாளைக்கு சோத்துல கூட அந்த வாடைதான் அடிக்கும்... இப்ப எங்கயாவது காருக்கு பட்டி பாக்குற கடையத் தாண்டிப் போனா, வண்டிய முறுக்கி வேகமா போயிருதேன்.

பதினேழு வருசம் இருக்கும். பாளையங்கோட்டைல நானும் அமலனும் ஒரு ஷெட்டு போட்டிருந்தோம். பைக்குக்கு சைடு பேனல், டூம், மட்கார்டுன்னு ஃபைபர்ல செஞ்சு கொடுப்போம். அச்சுல கண்ணாடி நூல் துணிய விரிச்சு, ரெசின்ங்கிற பிசின பிரஷ்ஷால பூசி இறுக விட்டா அதான் ஃபைபர். அமலன் கடக்கரைக்காரன். அவுக வீட்டுல மீன் பிடிக்கப் போற ஃபைபர் வள்ளம் செய்யுதாவ. அவன் பிரஷ்ஷ எடுத்தான்னா ஒரு குமிழி நிக்காது. எனக்கு வாய் மட்டுந்தான். கஸ்டமர் பிடிக்கது, சாமான் வாங்குறது என் சோலி.

இத எழுதவே கூடாதுன்னுதான் இருந்தேன். அமலனுக்கு இடது கண்ணு கிடையாது. அது என்னாலதான் போச்சு. அவனுக்கு இன்னைக்கு வரைக்கும் அது தெரியாது.

சரி... விசயத்துக்கு வாரேன்.

அப்பதான் டிசைன் துணி வர ஆரம்பிச்சிருந்துது. கண்ணாடி நூலுல சிவப்பும் வெள்ளியும் கலந்து நெய்த துணி. வெயில்ல திருப்புனா பட்டுச்சேலை முந்தி மாதிரி மின்னும். அத வச்சு பேனல் செஞ்சா பெயிண்டே வேண்டாம், துணியே டிசைனு. ஆனா வீம்பு பிடிச்ச சாமான், பாத்துக்கிடுங்க. டேப் ஒட்டாம கத்திரி வச்சா நூல் நூலா பிரிஞ்சுரும். அச்சுல படுக்க வைக்கும்போது ஒரு இழை கோணுனாலும் வலது பேனலும் இடது பேனலும் ஒத்துப் போகாது. அமலன் மூச்சப் பிடிச்சுக்கிட்டுப் பைய பைய நீவி விடுவான். "லே சங்கரா, பேசாத... நீ பேசுனா துணி அசையுது"ம்பான்.

வேலை முடிஞ்சா ஒடம்பெல்லாம் அரிப்பு. நேரா குறுக்குத்துறைக்குப் போயி ஆத்துல கெடப்போம். அந்த மாதிரி சந்தோசம் அதுக்கப்புறம் எனக்கு வாய்க்கல.

காயல்பட்டினத்துக்காரர் ஒருத்தர் துபாய்ல இருந்து லீவுல வந்திருந்தாரு. திரும்பிப் போறதுக்குள்ள அவரு பழைய வண்டிக்கு முழு செட்டும் சிவப்புத் துணில வேணும்னாரு.

வழக்கமா நாங்க வாங்குற ரெசின் கொஞ்சம் ரோஸ் கலர்ல இருக்கும். அதுல இறுக வைக்கிற மருந்துல ஒண்ணு, கோபால்ட், முன்னாடியே கலந்திருக்கும். நாம இன்னொண்ணு, கேட்டலிஸ்ட், அத மட்டும் ஊத்துனா இறுகிரும். வள்ளத்துக்கும் அதேதான். ஆனா டிசைன் துணிக்கு அந்த ரோஸ் ஆவாது, துணி மங்கிரும். அதனால நான் மதுரைக்குப் போயி தண்ணி மாதிரி தெளிஞ்ச ரெசின் வாங்குனேன். அதுக்கு கோபால்ட் தனி பாட்டில், நிறம் ஏறாம சொட்டுக் கணக்குல விட்டுக்கிடலாம்; கேட்டலிஸ்ட் தனி பாட்டில்.

கடைக்கார அண்ணாச்சி சாமானக் கட்டும்போதே சொன்னாரு. "தம்பி, இந்த ரெண்டையும் நேரா சேத்துராதீங்க. வெடிச்சுரும். கோபால்ட்ட ரெசின்ல போட்டு நல்லா கிண்டிட்டு, அப்புறந்தான் மத்தது."

நான் அங்கன இருந்த நீலக் கலர் துணியப் பாத்துக்கிட்டே சரின்னேன். ஊருக்கு வந்து அந்த நீலத் துணியப் பத்தி அமலன்ட்ட ஒரு மணி நேரம் பேசுனேன். இத சொல்லல. மறந்துட்டேன்... மறந்தே போனேன்.

மறுநாள் காலைல நல்ல மழை. ஈரத்துல ரெசின் லேசுல இறுகாது. நான் வாசல்ல நின்னு கஸ்டமர்ட்ட போன்ல பேசிக்கிட்டு இருக்கேன். உள்ள அமலன் ரெண்டு பாட்டிலையும் பாத்திருக்கான். ரெண்டும் இறுகுறதுக்கான மருந்துதான, முதல்ல ஒண்ணா கலந்துக்கிட்டா ரெசின்ல சமமா பரவும்னு நெனச்சிருக்கான். வேலை தெரிஞ்சவன் அப்படித்தான் நெனப்பான். ஒரு கப்புல ரெண்டையும் ஊத்திக் குனிஞ்சு கிண்டிருக்கான்.

டப்புன்னு ஒரு சத்தம். ஓடிப் போனா ஒரே புகை... அமலன் முகத்தப் பொத்திக்கிட்டு தரைல உக்காந்திருக்கான். குடத்துத் தண்ணிய மோந்து மோந்து ஊத்துனேன். "எரியுதுலே சங்கரா"ன்னான்.

ஆஸ்பத்திரில ஒரு கண்ணக் காப்பாத்திட்டாவ. அமலன் அம்மா வந்து "என்னய்யா ஆச்சு"ன்னு கேட்டாவ. "ரெண்டையும் நேரா கலந்துட்டான்மா"ன்னேன். பொய் இல்ல. "இவன் எப்பவுமே அவசரக்காரன்"னு அந்த அம்மா தலைல அடிச்சுக்கிட்டு அழுதாவ. அந்த நிமிசம் நான் வாயத் தொறந்திருக்கணும். தொறக்கல. சவத்து வாய், மத்த நேரமெல்லாம் மூடாது.

ஷெட்ட மூடிட்டோம். இப்ப அமலன் கடக்கரைல ஐஸ் கம்பெனில டோக்கன் குடுக்கான். வள்ள வேலைக்கு அவன் அண்ணன் விட மாட்டேங்காரு. நான் ஒரு ஆபீஸ்ல ஃபேனுக்கடில உக்காந்து பைல் பாக்கேன். பைக்குக்கெல்லாம் இப்ப ஸ்டிக்கர்தான். அந்தத் துணி டிசைன அப்படியே அச்சடிச்சு அரை மணி நேரத்துல ஒட்டிருதாங்க. யாரு கண்ணும் போகாது.

போன மாசம் அமலன் வந்திருந்தான். மக ஜெனிய இங்கன காலேஜ்ல கெமிஸ்ட்ரி சேக்க. அன்னைக்கு கைப்பிள்ளையா இருந்த பிள்ள. மூணு பேரும் டீக்கடைல நிக்கோம். "ஏட்டி, லேப்ல எதையும் கேட்டுட்டுத்தான் செய்யணும். அப்பா சங்கரன்ட்ட ஒரு வார்த்த கேக்காம ஊத்துனதுல வந்த வினைதான் இது"ன்னு கண்ணக் காட்டுனான்.

அந்தப் பிள்ள என்னையப் பாத்து, "ரெண்டையும் சேக்கக்கூடாதுன்னு கடையில சொல்லிருப்பாங்களே மாமா?"ன்னு கேட்டா.

எனக்கு முன்ன அமலன் பதில் சொல்லிட்டான். "சொல்லிருந்தா சங்கரன் என்கிட்ட சொல்லாம இருப்பானா?"

அன்னைக்கு மறந்து போயி சொல்லல. இப்ப எல்லாம் ஞாபகம் இருக்கு... சொல்லல.

பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னான். இடது பக்கம் வண்டி வாரது அவனுக்குத் தெரியாது. என் கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் ரோட்டத் தாண்டுனான்.