நாலு பேரும் பார்த்த இடம்

காரைக்குடிப் பக்கம் படகுப் போட்டிக்குப் பயிற்சி எடுத்தோம் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். வருஷத்தில் பாதி நாள் எங்கள் கண்மாயில் ஆடுதான் மேயும். ஆனால் ஐப்பசி மழையில் நிறைந்துவிட்டால் மாசி வரைக்கும் தண்ணீர் நிற்கும். அதை நம்பித்தான் எங்கள் கல்லூரியில் படகுக் குழு தொடங்கினார்கள். வேறு ஊர் கிளப் ஒன்று கழித்துப்போட்ட ஃபைபர் படகு லாரியில் வந்தது. அதன் நீளத்துக்குக் கல்லூரியில் எந்த அறையும் கொள்ளவில்லை. வலையபட்டியில் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டில், முன்வாசலிலிருந்து பின்கட்டு வரை நேராகப் போகும் நடையில் கிடத்தினோம். வீட்டுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் கண்மாய்.

படகில் ஐந்து பெண்கள். நான்கு பேர் துடுப்புப் போடுவார்கள். நான் காக்ஸ். ஆள் சிறியவள், குரல் பெரியது, அதனால் அந்த வேலை. படகின் பின்முனையில் உட்கார்ந்து, சுக்கான் கயிற்றைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே தாளம் சொல்ல வேண்டும். துடுப்புப் போடுகிறவர்கள் போகிற திசைக்கு முதுகைக் காட்டி, என் முகத்தைப் பார்த்தபடி இருப்பார்கள். எனக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர் அவர்களுக்குத்தான் தெரியும். காக்ஸ் திரும்பிப் பார்க்கவே கூடாது, படகு ஆடிவிடும் என்று கோச் சார் முதல் நாளே சொல்லியிருந்தார்.

எனக்கு நேர் எதிரே உட்காருகிறவள் சிவகங்கையிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். எங்களில் மூத்தவள். கடைசி இருக்கையில் வலையபட்டிக்காரி. நடுவில் இருந்த இருவரும் ஹாஸ்டலில் ஒரே அறை. கைக் கொப்புளங்களுக்கு ஒருத்திக்கொருத்தி டேப் சுற்றிவிடுவார்கள். என் கையில் கொப்புளம் இல்லை என்று எல்லோரும் சேர்ந்து என்னைத் திட்டுவார்கள்.

மார்கழியில் ஒரு காலை. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கண்மாயின் நடுவைத் தாண்டியதும் நான்கு பேருடைய கண்களும் என்னைவிட்டு நகர்ந்து, என் இடது தோளுக்குப் பின்னால் ஒரே இடத்தில் நின்றன. துடுப்பு தவறவில்லை. மூச்சும் தாளமும் சரியாக இருந்தன. பார்வை மட்டும் அங்கே. கொஞ்ச நேரத்தில் ஒன்றாகவே திரும்பி என் முகத்துக்கு வந்தன.

"என்னத்தடி பாக்குறீக?"

"ஒண்ணுமில்ல. நீ தாளம் சொல்லு" என்றாள் சிவகங்கைக்காரி.

மறுநாளும் அதே இடம். அதற்கடுத்த நாளும். நான் படகை வேறு பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன். அப்போதும் கண்கள் அங்கேதான் போயின, இன்னும் தூரத்தில் இருப்பதைப் பார்ப்பதுபோல இடுங்கிக்கொண்டு. என் பிடரி குளிரும். திரும்பிவிடலாம் என்று தோன்றும். படகு ஆடும் என்பதை நினைத்துக் கயிற்றை இறுக்கிக்கொள்வேன்.

பொங்கல் லீவுக்கு முன்னால் வலையபட்டிக்காரியைத் தனியாகப் பிடித்தேன். முதலில் மழுப்பினாள். பிறகு துடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஒரு ஆளு நிக்கிது. இடுப்பளவு தண்ணியில. குனிஞ்சு எதையோ தேடுற மாதிரி."

"அங்கன எப்படிடி நிக்க முடியும்? சார் மூங்கில விட்டுப் பாத்தாருல்ல, முழுசும் உள்ள போச்சே."

"அதான் ஒங்கிட்டச் சொல்லல. நீ திரும்பிட்டா அம்புட்டுப் பேரும் தண்ணிக்குள்ளதான்."

எனக்கு வந்தது பயமா கோபமா என்று தெரியவில்லை. நான்கு பேரும் ஒவ்வொரு காலையும் அதைப் பார்த்துக்கொண்டே, எனக்காக முகத்தை மாற்றாமல் துடுப்புப் போட்டிருக்கிறார்கள்.

மாசியில் போட்டி. மலைமேல் ஓர் ஏரி. எங்கள் கண்மாயிலிருந்து பஸ்ஸில் பல மணி நேரம். அங்கே போனதும் எனக்கு மனசு லேசாகிவிட்டது. ஆறு படகுகளில் நாங்கள் நான்காவதாகப் போய்க்கொண்டிருந்தோம். பாதித் தூரத்தில் அவர்களுடைய கண்கள் நகர்ந்தன. அதே இடது தோள். ஆனால் இம்முறை இடுங்கவில்லை, அகலமாகத் திறந்தன. நான் கேட்காமலே தாளம் ஏறியது. நடுவில் இருந்த ஒருத்தி அழுதுகொண்டே இழுத்தாள். இரண்டாவதாக முடித்தோம். கரையில் சார் துள்ளிக் குதித்தார். படகைவிட்டு இறங்கியும் நாங்கள் ஒருத்தி கையை ஒருத்தி விடவில்லை.

திரும்பும் பஸ்ஸில் சிவகங்கைக்காரியிடம் கேட்டேன். "அங்கயுமா?"

"ம்."

"கிட்டக்கவா?"

"ஒன் முதுகுக்கிட்ட. அப்பயும் குனிஞ்சுதான் இருந்துச்சு. மொகம் தெரியல." என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "தூங்குடி. ஒன்ன ஒண்ணும் செய்யல."

சித்திரையில் கண்மாய் வற்றியது. பரீட்சை முடிந்த மத்தியானம் ஐந்து பேரும் வெடித்த மண்ணில் நடந்து அந்த இடத்துக்குப் போனோம். மேடு இல்லை, பாறை இல்லை, மரக்கட்டை இல்லை. கண்மாயிலேயே ஆழமான குழி அதுதான். அடியில் மட்டும் சேறு ஈரமாக இருந்தது. யாரும் சொல்லாமலே ஐந்து பேரும் குனிந்து தேட ஆரம்பித்தோம். எதைத் தேடுகிறோம் என்று ஒருத்திக்கும் தெரியாது. நத்தை ஓடும் அறுந்த வலைத்துண்டும்தான் கையில் வந்தன. முதலில் நிமிர்ந்தது வலையபட்டிக்காரி. எங்களைப் பார்த்தாள். அவள் முகம் வெளிறிவிட்டது.

"நிமிருங்கடி" என்று கத்தினாள். "எல்லாரும் நிமிருங்க. போதும்."

சேற்றுக் கையோடு கரை ஏறினோம்.

அந்த நால்வரும் அந்த வருஷத்தோடு படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். எனக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி. மழை பெய்து கண்மாய் நிறைந்ததும் புதுப் பெண்கள் நான்கு பேரைச் சேர்த்து சார் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க வேற ஆளப் பாத்துக்குங்க சார்" என்றேன்.

"ஏம்மா, பயமா?"

இல்லை என்றேன். அது பொய்யில்லை. அந்தப் புதுப் பெண்களை எனக்குத் தெரியாது. என் பின்னால் எது நின்றாலும் முகம் மாறாமல் துடுப்புப் போடுவார்களா என்று எப்படி அறிவது? போன வருஷத்து நால்வரைத் தவிர வேறு யாருக்கு எதிரிலும் அந்தத் தண்ணீருக்கு முதுகைக் காட்டி உட்கார எனக்கு மனசு வரவில்லை.