அத்தை வளர்த்த பவளம்

எங்கள் வீட்டுக் கூடத்துக்குக் கடல் வந்து சேர்ந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ராஜபாளையத்துக்காரர்களுக்குக் கடல் வேண்டுமென்றால் பஸ் ஏறித் திருச்செந்தூர் போக வேண்டும். அப்பாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. சின்னதாக ஒரு பேண்டேஜ் துணிப் பட்டறை வைத்திருந்தார். மதுரையில் அவரிடம் துணி வாங்கும் மொத்த வியாபாரி ஒருவர் வீட்டில் பவளம் வளர்க்கும் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தவர், சோற்றைப் பிசைந்துகொண்டே சும்மா உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று வேனில் வந்து இறங்கியது. ஆசைப்படுவது அப்பாவின் வேலை. அதற்குப் பிறகு உள்ள வேலையெல்லாம் வீட்டில் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொட்டிக்கென்று தனி உப்பு பையில் வந்தது. ஆர்ஓ தண்ணீரில் அதைக் கரைத்து ஊற்றி, ஓட்டையும் பொத்தலுமான கற்களை அடுக்கி, மோட்டாரை ஓடவிட்டார்கள். உடனே மீனையோ பவளத்தையோ விட்டால் செத்துப்போகுமாம். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கல்லில் குடியேறி அழுக்கைத் தின்னப் பழகும் வரை காத்திருக்க வேண்டுமாம். அதனால் வந்தவர் போனவருக்கெல்லாம் அப்பா வெறும் தண்ணீரையும் கல்லையும் விளக்குப் போட்டுக் காட்டினார். "மீனு எங்க மாப்ள?" என்று கேட்டார்கள். "வரும், வரும்" என்றார் அப்பா. முதலில் வந்தது பாசி. கல்லெல்லாம் பழுப்பாகப் படர்ந்து, பிறகு பச்சை மயிராக வளர்ந்து ஆடியது. அதோடு அப்பாவின் ஆர்வம் முடிந்தது. பட்டறையில் வேலை அதிகம் என்று சொல்ல ஆரம்பித்தார்.

அந்தப் பாசியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தவள் அத்தை. அப்பாவின் தங்கை. ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒருநாள் பையோடு வந்தவள் திரும்பிப் போகவில்லை. மாமா குடிக்கமாட்டார், அடிக்கமாட்டார், யாரிடமும் கடன் சொல்லமாட்டார். அத்தையிடம் பேசமாட்டார், அவ்வளவுதான். ஏதோ ஒரு நாள் நிறுத்திய பேச்சு, மாதக்கணக்கில் நிறுத்தியபடியே இருந்தது. இதை ஒரு குறை என்று எந்தப் பெரியவரிடம் போய்ச் சொல்வது? சொன்னபோது அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, சிரித்துவிட்டார். "பேசாத புருசன் கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்ட்டி. உங்க மதினியக் கேளு, என் வாயி எம்புட்டுன்னு" என்றார். அத்தை அதற்கப்புறம் யாரிடமும் சொல்லவில்லை.

தொட்டி அத்தைக்குப் பிடித்துப்போனது. காலையில் எழுந்ததும் சூட்டைப் பார்ப்பாள். ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்ணாடிக் குழலில் விட்டு, வெளிச்சத்துக்கு நேராகக் கண்ணில் வைத்து உப்பின் அளவைப் பார்ப்பாள். தண்ணீரின் அழுக்கு நுரையாகச் சேரும் கிண்ணத்தைக் கழுவுவாள். அப்பாவின் பட்டறைப் பேண்டேஜ் துணியையே நாலாக மடித்து வடிகட்டியாகப் போட்டிருந்தாள். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. அதனால் குறைந்த அளவுக்குத் தினமும் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒருநாள் விட்டாலும் உள்ளே உப்பு ஏறிவிடும். சென்னையில் ஒரு கடையில் வளர்த்து வெட்டிய துண்டுகள் பார்சலில் வந்தன. கட்டைவிரல் அளவுத் துண்டு கல்லில் ஒட்டிப் பிடித்து, விரல் விரலாக நீண்டு, பச்சையும் ஊதாவுமாக விரிந்தது. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள் அதற்குள் குடும்பம் நடத்தின. சிவப்புக் கோடு போட்ட இறால் ஒன்று அத்தை கையை விட்டால் நகத்தைச் சுத்தம் செய்துவிடும். ஒரு வருஷத்தில் கல்லே தெரியவில்லை. எங்கள் வீட்டில் அதுவரை எதுவும் அப்படிச் செழித்ததில்லை.

ஆட்கள் பார்க்க வர ஆரம்பித்தார்கள். கிருஷ்ணன்கோவில் காலேஜ் பிள்ளைகள்கூட யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வந்தார்கள். அத்தை தொட்டிக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்வாள். அம்மா அடுப்படியில் நின்று காபி போடுவாள். ஆர்ஓ மிஷின் சொட்டுச் சொட்டாகத்தான் விடும். அந்தச் சொட்டும் தொட்டிக்கான கேனுக்குப் போக, மிச்சத்துக்காக அம்மா உலைப் பானையோடு காத்து நிற்பாள். "வீட்டுல உள்ள மனுசருக்குத் தண்ணி இல்ல, கல்லுக்கு ஊத்துறோம்" என்று ஒருநாள் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவளுக்குக் கோபப்படவும் நேரமில்லை.

அந்த வருஷம் செம்புப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக் குடித்தால் உடம்புக்கு நல்லது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. அம்மாவும் ஒரு செம்புக் குடம் வாங்கி, புளி போட்டுத் தேய்த்து, அடுப்படியில் வைத்தாள். அத்தை அன்றைக்கே சொல்லிவிட்டாள். "மதினி, இந்தத் தண்ணி மட்டும் தொட்டிக்கு ஆகாது. செம்பு துளி எறங்குனாலும் பவளம் அம்புட்டும் செத்துரும்."

அம்மா அதை மறக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்துப் பெரியப்பா வந்தபோது, மூட்டு வலிக்காகப் போட்டிருந்த செம்புக் காப்போடு கையை முழங்கை வரை தொட்டிக்குள் விட்டு மீனைத் தொடப் பார்த்தார். அம்மா கரண்டியும் கையுமாக அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "அத்தான், கைய எடுங்க. செம்பு பட்டா செத்துரும்" என்றாள். பெரியப்பா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, "தீட்டுப் பாக்கிற மீனா இருக்கே" என்றார். எல்லாரும் சிரித்தோம். அத்தை அம்மாவைப் பார்த்த பார்வையில் அன்றைக்கு நன்றி இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அத்தையைக் கூட்டிப்போக ஆள் மேல் ஆளாக வந்தார்கள். பொண்டாட்டி பிறந்த வீட்டில் இருப்பது மாமா வீட்டாருக்குக் கௌரவக் குறைச்சல். ஒவ்வொரு முறையும் அப்பா தொட்டியைக் காட்டி, "இவ போயிட்டா இத யாரு பாக்கது?" என்றார். இது ஒரு காரணமா என்று அவர்களுக்குச் சிரிப்பு. ஆனால் அப்பா அதில் போட்ட பணம் அவர்கள் கண்ணுக்கும் தெரிந்தது. தங்கைக்காக என்று சொல்லியிருந்தால் விட்டிருக்கமாட்டார்கள். தொட்டிக்காக என்றபோது சரி என்று காபி குடித்துவிட்டுப் போனார்கள். பவளம் இருக்கும் வரை அத்தை எங்கள் வீட்டில் இருக்கலாம். அது சின்னப் பிள்ளையான எனக்கே தெரிந்திருந்தது.

கடைசியில் பெரியப்பா ஒரு வழி சொன்னார். ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும், பொறவு அவள் சொல்கிறபடி. அத்தை ஒத்துக்கொண்டு, துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டாள். கிளம்பும்போது அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒருமுறை காட்டிக்கொடுத்தாள். "தெரியும் போ. நித்தம் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்" என்றாள் அம்மா.

மாமா என்னிடம் நன்றாகப் பேசினார். பால்கோவா வாங்கித் தந்தார், தேர் தெரியும்படி ஒரு திண்ணை மேல் ஏற்றி நிறுத்தினார். வீட்டுக்கு வந்ததும், "உங்க அத்தையச் சாப்பாடு வைக்கச் சொல்லு" என்றார். அத்தை இரண்டடி தள்ளி நின்றாள். "வச்சாச்சுன்னு சொல்லு" என்றாள் அத்தை. எனக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது. வாரம் முழுக்க இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் சொல்லிக்கொண்டே திரிந்தேன். இரண்டாம் நாளுக்கு மேல் அத்தை சொல்ல வேண்டியதை என் காதில் மட்டும் சொல்லியனுப்பினாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து, "இனிமே அங்க போகமாட்டேன்ட்டி. அண்ணன்ட்டச் சொல்லீரணும்" என்றாள். நான் தலையாட்டினேன். நிம்மதியாக என் மேல் சாய்ந்து தூங்கினாள்.

வீட்டில் நுழைந்ததும் தொட்டியைப் பார்த்தோம். விளக்கு எரிந்தது, மோட்டார் ஓடியது. விரிந்து நின்ற பவளமெல்லாம் சுருங்கிக் கல்லோடு ஒட்டியிருந்தது. சிலது கொழகொழவென்று உரிந்து தண்ணீரில் மிதந்தது. இறால் அடியில் மல்லாந்து கிடந்தது. மீன்கள் இரண்டும் மட்டும் ஒன்றும் ஆகாமல் சுற்றிக்கொண்டிருந்தன.

அம்மா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஆர்ஓ மிஷின் ரிப்பேராப் போச்சு. தண்ணி கொறஞ்சுக்கிட்டே இருந்துச்சு. செம்புக் குடத்துல இருந்தத நித்தம் ஊத்துனேன். குடிக்கிற தண்ணிதானேன்னு..."

அத்தை அம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள். திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். "சரி மதினி" என்றாள். பிறகு பையை உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

"தண்ணிய மாத்துனா பொழைக்காதா அத்தை?" என்று கேட்டேன். "கொஞ்சம் பொழைக்கும்" என்றாள். ஆனால் மாற்றவில்லை. அந்த வாரம் முழுக்கத் தொட்டிப் பக்கமே திரும்பாத அப்பா சாயங்காலம் வந்து பார்த்துத் தலையில் கையை வைத்துக்கொண்டபோது, "வெயிலுண்ணே. சூடு தாங்கல" என்று சொன்னாள். நான் வாயைத் திறந்தேன். அத்தை என் கையைப் பிடித்து அழுத்தினாள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மலையிலிருந்து இறங்கும் காற்றில் எங்கள் ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டிருந்தன. அந்தக் காற்றிலும் அப்பா வெயிலை நம்பினார். அவருக்கும் அது வசதியாக இருந்திருக்கும்.

அடுத்த முகூர்த்த நாளில் அத்தை ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டாள். பவளம் செத்த துக்கத்தில் போகிறாள் என்று நினைத்தேன். அம்மா புதுச் சேலை வைத்துக் கொடுத்து, தெருவில் நின்று அழுதாள். நாத்தனார் மேல் இவ்வளவு பாசமா என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

அம்மா கெட்டவள் இல்லை. இன்றைக்கு நானும் ஒரு குடும்பத்துக்குப் பொங்கிப் போட்டு, வேலைக்கும் போய் வருகிறவள். அசதி ஒரு மனுஷியை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். செம்பு ஆகாது என்று அம்மாவுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று அத்தைக்கும் தெரியும். போ என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை, ஏன் என்று மற்றவர் கேட்கவும் இல்லை. இதெல்லாம் எனக்கு விளங்க இருபது வயது தாண்ட வேண்டியிருந்தது.

அந்த இரண்டு மீன்களை யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று அப்பா சொன்னார். அம்மா கேட்கவில்லை. செம்புக் குடத்தைப் பழைய பாத்திரக்காரரிடம் போட்டாள். கண்ணாடிக் குழலைக் கண்ணில் வைத்து உப்புப் பார்க்கத் தானே பழகினாள். உப்புக் கரைத்தாள், நுரைக் கிண்ணம் கழுவினாள், துணி மாற்றினாள். அவளுடைய சொந்தத் தங்கை மகள் கல்யாணத்துக்குக்கூட முகூர்த்தத்துக்குப் போய்விட்டு அன்றைக்கே திரும்பினாள். "ஒரு நாளுதானம்மா" என்றால், "உப்பு ஏறீரும்" என்பாள். வெறும் கல்லுக்கு நடுவில் மீன்கள் வருஷக்கணக்கில் இருந்தன. இப்போதும் இருக்கின்றன, அந்த ஜாதிக்கு ஆயுசு அதிகமாம். அம்மாவுக்கு இடுப்பு வலி. குனிந்து வாளியைத் தூக்கும்போது ஒரு முனகல் வரும், கூடம் வரை கேட்கும். அம்மாவுக்கும் மீன் பிடித்துப்போய்விட்டது என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

அத்தை போன மறுவருஷம் ஒரு கல்யாண வீட்டில் எல்லாரையும் பார்த்தோம். மாமா ஆண்கள் பக்கம் கலகலவென்று பேசிக்கொண்டிருந்தார். அத்தை மெலிந்திருந்தாள். அம்மா எழுந்து பக்கத்தில் இடம் விட்டாள். இருவரும் ஒட்டி உட்கார்ந்தார்கள். பிறகு அத்தைதான் கேட்டாள்.

"மீனு நல்லாருக்கா மதினி?"

"இருக்கு. நான் இருக்கிற வரைக்கும் பாத்துக்கிடுவேன்" என்றாள் அம்மா. அதற்குள் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அத்தை முந்தானையால் அம்மாவின் முகத்தைத் துடைத்துவிட்டாள். நான் அவர்கள் காலடியில் உட்கார்ந்து, தாம்பூலப் பையிலிருந்த தேங்காயை உருட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு மீனுக்குப் போய் இவ்வளவு அழுகையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.