திங்கட்கிழமை சைக்கிள்

பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி குறுகுறுக்கத் தொடங்கிவிடும். இன்னும் எவ்வளவு ஏறினால் மனுஷன் வண்டியை ஓரமாக வைத்துவிட்டு வேலைக்குச் சைக்கிளில் போவான்? இதில் கோபமும் இல்லை, கவலையும் இல்லை. சும்மா தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். எதிலாவது மூக்கை நுழைக்காவிட்டால் எனக்குப் பொழுது போகாது. "ஊர்ல இருக்குற கேள்விக்கெல்லாம் நீங்கதான் பதில் கண்டுபிடிக்கணுமாக்கும்" என்பாள் என் மனைவி. இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய், எங்கள் அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கும் அம்மாவின் காலைப் பொழுதைப் பிடுங்கிக்கொண்டேன். அவருடைய மகள் கல்லூரித் தேர்வே எழுத முடியாமல் போகும் நிலைக்கு அது வந்து நின்றது. எனக்கு அது தெரியவே இரண்டு மாதம் ஆனது.

எங்கள் அலுவலகம் செம்பட்டி சாலையில், திண்டுக்கல் ஊர் முடிந்து தோப்புகள் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. சொட்டுநீர்ப் பாசனக் குழாய்கள் விற்கும் ஒரு நிறுவனத்தின் கிளை. என்னையும் சேர்த்து ஏழு பேர். நான் கிளை மேலாளர் என்பதால், வருகிறவர்களிடம் எதையாவது கேட்டுக்கொண்டிருக்க எனக்கு உரிமை உண்டு என்று நினைத்துக்கொள்வேன். போன வருடம் விலை ஏறிய சமயத்தில், குழாய் வாங்க வந்த எல்லோரிடமும் சைக்கிளைப் பற்றிக் கேட்டேன். ஒருவர் முழங்காலைக் காட்டினார். இன்னொருவர், தான் சைக்கிளில் போனால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்றார். ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து வந்த விவசாயி ஒருவர் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, தெனமும் நாலு பெட்டி தக்காளி வெச்சுக் கட்டிக்கிட்டு சந்தைக்குப் போறனுங்க. பன்னெண்டு கிலோமீட்டருங்க. நீங்க வேணா ஒரு நாளைக்கு மிதிச்சுப் பாக்கறீங்களா?" என்றார். அவர் கேலி செய்தார் என்பது அவர் கிளம்பிப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

சரி, ஊராரைக் கேட்பதைவிட நாமே மிதித்துப் பார்த்துவிடுவோம் என்று ஒரு சைக்கிள் வாங்கினேன். வீட்டிலிருந்து அலுவலகம் நான்கு கிலோமீட்டர். ஆடி மாதம், மேற்கிலிருந்து காற்று நேராக முகத்தில் அடித்தது. பாதி வழியிலேயே மூச்சு வாங்கிவிட்டது. பைக்கில் போகும்போது இருபது வருடமாகச் சமதளம் என்று நம்பிக்கொண்டிருந்த சாலை, மிதித்துப் பார்த்தால் மேடு. பூ மூட்டைகளோடு எதிரே மார்க்கெட்டுக்கு வந்துகொண்டிருந்த மொபெட்காரர்கள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். டயருக்குக் காற்றடிக்கப் பெட்ரோல் பங்குக்குத்தான் போக வேண்டியிருந்தது. அங்கே வேலை பார்க்கும் பெண் என்னைப் பார்த்துச் சிரித்ததில் தப்பே இல்லை.

நான்காம் நாள் என் மனைவி ஒரு செய்தியோடு காத்திருந்தாள்.

"சாருக்கு என்ன கஷ்டம், வண்டிய வித்துட்டாரானு எதுத்த வீட்டுல கேக்குறாங்க. நான் என்னன்னு சொல்ல?"

"டாக்டர் சொன்னாருன்னு சொல்லு."

அவள் அப்படியே சொன்னாள், தெரு அடங்கிவிட்டது. டாக்டர் சொல்லி மிதித்தால் மரியாதை, பெட்ரோல் விலைக்குப் பயந்து மிதித்தால் இளப்பம் என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இதையெல்லாம் அலுவலகத்தில் உட்கார்ந்து கதை கதையாகச் சொல்வேன். கேட்பவர்களுக்கு வேறு வழியில்லை, நான் மேலாளர்.

ஆவணி பிறந்த கையோடு ஒரு அறிவிப்பை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினேன். இனித் திங்கட்கிழமைதோறும் எல்லோரும் சைக்கிளில் வரவேண்டும். எல்லோரும் என்றால் டவுனுக்குள் வீடு இருக்கிற ஆறு பேர். ஏழாவது ஆள் அந்த அம்மா. அவருக்கு நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். செம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டர், பதினோரு வருடமாகச் சைக்கிளில்தான் வருகிறார். கடைசி ஒரு வருடமாக அவர் ஓட்டுவது, பள்ளிக்கூடத்தில் மகளுக்கு அரசாங்கம் கொடுத்த சைக்கிள். அவருக்கு எந்த அறிவிப்பும் தேவையில்லை என்றே நினைத்தேன்.

முதல் திங்கட்கிழமை எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். விற்பனையைப் பார்த்துக்கொள்ளும் தம்பி நெற்றியெல்லாம் ஈரமாக, பெருமூச்சு விட்டுக்கொண்டு வந்தான். எனக்குச் சந்தேகம் வந்தது. நெற்றி நனைந்திருக்கிறது, சட்டையின் முதுகு மட்டும் இஸ்திரி போட்டபடியே இருக்கிறது. விசாரித்ததில், பைக்கை நானூறு அடி தள்ளி ஒரு மெக்கானிக் கடையில் விட்டுவிட்டு, அந்த மெக்கானிக்கின் சைக்கிளை வாங்கி ஓட்டி வந்திருக்கிறான். வியர்வை, பாட்டில் தண்ணீர். எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பின் சூட்டில்தான் நான் ஒரு பிரசங்கம் செய்தேன். கையில் விளக்குமாற்றோடு ஓரமாக நின்ற அந்த அம்மாவைக் காட்டி, "இவங்களப் பாருங்க. தெனமும் ஒம்பது கிலோமீட்டர். ஒரு நாளாவது முகம் சுளிச்சிருக்காங்களா? பெட்ரோல் என்ன வெல வித்தா இவங்களுக்கென்ன? இவங்களப் பாத்துப் பழகுங்கப்பா" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று நினைத்தேன்.

அன்றைக்கு அவர் ஒரு பெட்டி லட்டு கொண்டுவந்திருந்தார். ஆளுக்கொன்று கொடுத்தார். என்னம்மா விசேஷம் என்று கேட்டேன். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், "சும்மாதான் சார்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடிவிட்டார். எதையும் தோண்டித் துருவிக் கேட்கிற நான், அன்றைக்கு லட்டு வாயில் இருந்ததால் விட்டுவிட்டேன்.

புரட்டாசி முழுக்கத் திட்டம் ஓடியது. கோயம்புத்தூர் தலைமை அலுவலகத்துக்கு மாதாமாதம் அனுப்பும் அறிக்கையில், விற்பனைக் கணக்குக்குக் கீழே சைக்கிளைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தேன். பதினோரு வருடம் மிதித்த அம்மாவைப் பற்றி அதில் நான்கு வரி. எழுதும்போது எனக்கே பெருமையாக இருந்தது.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. அன்று அரை நாள்தான் வேலை. மழை பெய்து வெறித்திருந்தது. ஒன்பது கிலோமீட்டரை அந்த அம்மா எப்படி மிதிக்கிறார் என்பதை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று எனக்குத் திடீரென்று தோன்றிவிட்டது.

"நானும் உங்க வீடு வரைக்கும் மிதிச்சுப் பாக்குறேன்மா."

அவர் தயங்கினார். "எதுக்கு சார் வீணா. ரோடெல்லாம் தண்ணியா கெடக்கு."

நான் விடவில்லை. அவர் ஒரே சீராக மிதித்தார். வேகமும் இல்லை, நிதானமும் இல்லை. நான் முந்திப் போய்விட்டு மூச்சு வாங்கி நிற்பேன், அவர் வந்து கடந்து போவார். மறுபடி நான் முந்துவேன். இப்படியே தென்னந்தோப்புகளையும் சம்பங்கித் தோட்டங்களையும் தாண்டினோம். எப்படிம்மா அலுக்காமல் மிதிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"எதையாவது யோசிச்சுக்கிட்டே வருவேன் சார். காலு பாட்டுக்கு மிதிக்கும்."

"என்ன யோசிப்பீங்க?"

"கொழாயில தண்ணி வந்துச்சோ, அவளுக்கு பஸ்ஸு போயிருச்சோன்னு" என்றார். சும்மா பேச்சுக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

அவர் வீடு ஒரு முட்டுச் சந்தில், ஓட்டு வீடு. கணவருக்கு நூல் மில்லில் வேலை, அப்போது வீட்டில் இல்லை. கல்லூரியில் முதல் வருடம் படிக்கும் மகள் காப்பி போட உள்ளே போனாள். வாசலில் கூரைக்குக் கீழே எதையோ பழைய சேலையால் மூடி வைத்திருந்தார்கள். மற்றவர்கள் என்றால் பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருப்பார்கள். நான் சேலையைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு ஸ்கூட்டர். பழைய வண்டிதான், ஆனால் நன்றாகத் துடைத்து வைத்திருந்தது. கைப்பிடியில் காய்ந்துபோன பூச்சரம், முன்புறம் சந்தனப் பொட்டு, சக்கரத்தடியில் நசுங்கிக் கறுத்த எலுமிச்சம்பழம். பூஜை போட்டதோடு சரி, அதிகம் ஓடவில்லை என்று தெரிந்தது.

"யாரு வண்டிம்மா?"

அவர் சேலையை இழுத்து மறுபடி மூடினார். காப்பியோடு வந்த மகள் சொன்னாள்.

"அம்மாவோடதுதான் சார். ஆவணி மொத வெள்ளிக்கெழம எடுத்தோம். ஆடில வண்டி எடுக்கக்கூடாதுன்னு காத்துக் கெடந்து எடுத்தது."

"ஓட்டத் தெரியாதா?"

"நல்லா ஓட்டும். பக்கத்து வீட்டு வண்டியில பழகிட்டுத்தான் வாங்குச்சு. நீங்கதான் சார், அம்மாவப் பாத்து எல்லாரும் பழகணும்னு ஆபீசுல சொன்னீங்களாம். அப்பறம் எப்புடி அது வண்டில வரும்?"

"ஏய், சும்மா இருக்கியா? சார்கிட்டப் போயி" என்றார் அம்மா.

அவள் சும்மா இருக்கவில்லை. தெருக்குழாயில் ஏழு மணிக்குத் தண்ணீர் வரும், ஏழே முக்காலுக்கு நின்றுவிடும். அலுவலகத்தை எட்டேகாலுக்குத் திறக்க வேண்டுமென்றால், சைக்கிளில் வரும் அம்மா ஏழேகாலுக்குள் கிளம்பிவிட வேண்டும். அப்பா ஐந்தரைக்கே மில்லுக்குப் போய்விடுவார். தண்ணீர் பிடிக்க மிச்சம் இருப்பது மகள். அவளுடைய பஸ் ஏழரைக்கு. அதை விட்டால் அடுத்த பஸ் கல்லூரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் வகுப்பு முடிந்துவிடும். பள்ளிக்கூடம் ஊரிலேயே இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. கல்லூரி தொடங்கிய பிறகுதான் வந்தது. ஸ்கூட்டர் இருந்தால் அம்மா தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு எட்டு மணிக்குக் கிளம்பலாம், மகள் ஏழரை பஸ்ஸைப் பிடிக்கலாம். அதற்காகத்தான் வண்டியே வாங்கியிருக்கிறார்கள். வாங்கி மூன்றே நாளில் என் பிரசங்கம். இரண்டு மாதமாக வண்டி சேலைக்குள் நிற்கிறது. மகளுக்கு முதல் வகுப்பில் வருகை குறைந்து, இன்னும் இரண்டு மூன்று நாள் விட்டால் கார்த்திகையில் தேர்வு எழுத விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"பதினோரு வருசமா மிதிச்சப்ப யாரும் ஒண்ணும் கேக்கல. வண்டி எடுத்ததுக்கப்பறந்தான் சைக்கிள் நல்லதுன்னு தெரிஞ்சுச்சாக்கும்" என்றாள்.

காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அன்றைக்கு லட்டைக் கொடுத்து விஷயத்தைச் சொல்லிவிட்டு, மறுநாளிலிருந்து வண்டியில் வரத்தான் இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. வெட்கமாக இருந்தது. என் மேலேயே கோபமாகவும் வந்தது. "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன். "அம்புட்டுப் பேரு கை தட்டுனாங்களே சார், எப்புடிச் சொல்ல?" என்றார். திங்கட்கிழமையிலிருந்தே வண்டியில் வாருங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். திரும்பும்போது சாலை இறக்கமாக இருந்தும் சைக்கிள் கனத்தது. விலை ஏறினால் யார் சைக்கிளுக்கு மாறுவார்கள் என்று எல்லோரையும் கேட்டேனே, விலை குறைவாக இருந்த காலத்திலும் சைக்கிளிலேயே இருந்தவர் அதைவிட்டு இறங்க எவ்வளவு பாடுபட்டார் என்று கேட்கத் தோன்றவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். எனக்குக் காலையில் எழுந்தால் தண்ணீர் மோட்டார் போட்டால் வரும், காப்பி கேட்டால் வரும். மிதிக்க என்னிடம் நேரம் இருக்கிறது. ஆகவே நான் மிதிக்கலாம். இன்றைக்கும் மிதிக்கிறேன்.

திங்கட்கிழமை அவர் ஸ்கூட்டரில் வந்தார், ஹெல்மெட்டைக் கழுத்து இறுகக் கட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்க்காமல். சுவரில் இருந்த அறிவிப்பை நான் கிழித்திருந்தேன். விற்பனைத் தம்பிக்குத்தான் அளவில்லாத சந்தோஷம். முதல் வகுப்புக்குப் போய்விட்டேன் என்று மகள் போன் செய்ததாக அந்த அம்மா சொன்னார். அதற்குப் பிறகு அவள் ஒரு நாள்கூட விடவில்லை, தேர்வையும் எழுதிவிட்டாள்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை அத்தோடு முடியவில்லை. பதினோரு மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. என் அறிக்கையில் இருந்த நான்கு வரியைப் பெரியவர்கள் படித்துவிட்டார்களாம். அடுத்த வருடக் காலண்டரில் அந்த அம்மாவின் படத்தைப் போட்டு எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பப் போகிறார்களாம். சைக்கிளோடு நிற்க வைத்து ஒரு படம் எடுத்து உடனே அனுப்பச் சொன்னார்கள். அப்போதே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு ஆசை விடவில்லை. அவருக்கும் ஒரு கௌரவம்தானே, என் சைக்கிள் வெளியே நிற்கிறது, ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டு நின்றால் போதும், யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

அவர் என் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"எதுக்கு சார்?"

"ஒங்களப் பாராட்டித்தாம்மா. எல்லா ஊரு ஆபீசுலயும் மாட்டுவாங்க."

அவர் துணியை வாளியில் நனைத்துப் பிழிந்தார்.

"வேணாம் சார். அந்த ஆபீசுகள்லயும் கூட்டிப் பெருக்க ஒருத்தி இருப்பா. எம் போட்டோவக் காட்டி அவளையும் மிதிக்கச் சொல்லுவாங்க."

என் முன்னால் இருந்த டம்ளரைத் தூக்கி, அதன் அடியில் துடைத்துவிட்டு, அடுத்த மேசைக்குப் போனார்.