நான் தட்டிவிட்ட தண்ணீர்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், சித்திரை மாதம், பர்மியப் புத்தாண்டு அன்று காலையில் நடந்தது இது. யாங்கோனில் இன்சீன் பக்கம், எங்கள் தெருக்கோடியில் இருக்கும் புத்த மடத்துக் கூடத்தில். அன்று அங்கே இருந்த இருநூறு பேரில் பாதிப் பேர் அதை மறந்திருப்பார்கள். எனக்கு மட்டும் மறக்கவில்லை.

முதலில் அந்த விருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல வருஷங்களுக்கு முன்பு எங்கள் அம்மன் கோயில் திருவிழா ஒலிபெருக்கிக்கும் மடத்துப் பாராயணத்துக்கும் பெரிய சண்டை. இரண்டு பக்கமும் மாறி மாறிப் புகார் எழுதிக்கொண்டு போனார்கள். அதை வாங்கிக்கொண்ட வட்டார ஆபீசர், "ஒரு நாள் எல்லாரும் ஒரே இடத்துல உட்கார்ந்து சாப்பிடுங்க. அதுக்கப்புறமும் கோபம் இருந்தா கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். சாப்பிட்ட பிறகு யாரும் புகாரைக் கொண்டு போகவில்லை. அன்றிலிருந்து வருஷா வருஷம் புத்தாண்டு அன்று மடத்தில் பொது விருந்து. எங்கள் கோயில் சார்பில் சாம்பார் சாதமும் வடையும், பின் சந்து முஸ்லிம் வீடுகளிலிருந்து பிரியாணி, பர்மியர்கள் மோஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ். ஒருத்தரை ஒருத்தர் புரிந்துகொள்ளத்தான் அந்த விருந்து. அதில் போய் ஒன்றும் புரியாமல் நடந்துகொண்டவள் நான்.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு பர்மிய அம்மாள் இருந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். காலைச் சந்தையில் ஒட்டரிசிச் சோறு அவித்து விற்பார், பத்து மணிக்குள் வீடு திரும்பிவிடுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் அவரை 'அமா' என்பேன், பர்மிய மொழியில் அக்கா என்று அர்த்தம். என் மகன் அவரை 'ச்சீச்சீ' என்பான். அது பெரியம்மா. என் மாமியார் இருந்த காலத்தில், பேரன் எதிர்வீட்டைப் பார்த்து "ச்சீச்சீ" என்று கத்தும்போதெல்லாம், எதையோ மிதித்துவிட்டான் என்று பதறிப்போய் அவன் காலைப் பார்ப்பார்.

நான் ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் பாக்டரியில் சட்டைக்குக் காலர் தைக்கிறேன். காலை ஏழு மணிக்குப் போனால் இருட்டும்போதுதான் வருவேன். என் மகன் பள்ளிக்கூடம் விட்டு நேராகப் போவது அமா வீட்டுக்குத்தான். சோறு போட்டது, பாடம் கேட்டது, காய்ச்சலுக்குத் துணி நனைத்துப் போட்டது எல்லாம் அவர். அவன் தமிழ் புரிந்துகொள்வான், பேசுவது பர்மிய மொழிதான். அது அவர் மடியில் கற்றது. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வருஷம் தை மாதம், இருபத்திரண்டு வயதில், அவன் ஊரை விட்டுப் போனான். வயசுப் பிள்ளைகளை ராணுவத்தில் சேர்க்கப் பட்டியல் எடுக்கிறார்கள் என்று எங்கும் பேச்சாக இருந்த சமயம். இரண்டு நண்பர்களோடு தாய்லாந்து எல்லைப் பக்கம் கிளம்பினான். இனிக் கொஞ்ச நாள் போன் கிடைக்காது என்று ஒரு தடவை சொன்னான். அதன் பிறகு புத்தாண்டு வரை மூன்று மாதமாக ஒரு சத்தமும் இல்லை. தெருவில் கேட்டவர்களிடம் மோல்மேனில் மாமா வீட்டில் இருக்கிறான் என்று சொல்லி வைத்தோம். உண்மை தெரிந்தது எனக்கும் என் கணவருக்கும் அமாவுக்கும் மட்டும். அந்த மூன்று மாதம் நான் காலர் தைத்தேனா, என் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனா என்று எனக்கே தெரியாது.

புத்தாண்டு அன்று காலையில் நானும் அமாவும் மடத்துச் சமையல்கட்டில் அரிசிமாவு உருண்டை பிடித்தோம். நம் கொழுக்கட்டை மாதிரிதான். உள்ளே வெல்லம் வைத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால், வெந்ததும் மேலே மிதந்து வரும். விளையாட்டுக்காக ஒன்றிரண்டில் வெல்லத்துக்குப் பதில் மிளகாய் வைப்பார்கள். வருஷா வருஷம் அந்த மிளகாய் உருண்டை என் மகன் தட்டுக்குத்தான் போகும். அமா மிளகாயை எடுத்து வைத்தார். நான் இந்த வருஷம் வேண்டாம் என்றேன். அவர் அதைத் தோளில் போட்டிருந்த தன் துண்டில் முடிந்துகொண்டார்.

சாப்பாட்டுக்கு முன் பிக்கு ஓத ஆரம்பித்தார். பர்மியர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தானம் செய்து முடித்ததும் சின்னக் கிண்ணத்திலிருந்து தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு பாத்திரத்தில் ஊற்றுவார்கள். செய்த புண்ணியத்தை எல்லா உயிருக்கும் பங்கு வைப்பது அது. கடைசியில் "அம்யா, அம்யா, அம்யா" என்று மூன்று தடவை சொல்வார்கள். இது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். ஆனால் ஒருத்தர் பெயரைச் சொல்லி ஊற்றுவதை, சாவு வீட்டில் ஏழாம் நாள் விருந்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

அமா கிண்ணத்தை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக, என் மகனின் முழுப் பெயரைச் சொல்லித் தண்ணீர் ஊற்றினார்.

நம் ஆட்கள் யாருக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பார்கள்? அதற்குள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் கோயில் ஆயா ஒருத்தி என் முழங்கையைத் தொட்டு, "ஐயோ பாவம், புள்ள போயிட்டானா ஆத்தா?" என்று கேட்டுவிட்டாள்.

அவ்வளவுதான். எழுந்து போய் அமாவின் கையில் இருந்த கிண்ணத்தைத் தட்டிவிட்டேன். அது பாத்திரத்தில் மோதி உருண்டது. தண்ணீர் அவர் மடியெல்லாம் கொட்டியது. பிக்கு ஓதுவதை நிறுத்தினார். கூடம் முழுக்க என்னையே பார்த்தது. நான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, பர்மிய மொழியில் சொன்னேன்: "என் புள்ள சாகல. பெத்திருந்தாத்தானே உனக்குத் தெரியும்."

முதல் பாதியோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு எப்போதும் வாய் கொஞ்சம் நீளம்.

அமா கிண்ணத்தைத் தேடி எடுத்துக் கவிழ்த்து வைத்தார். "அப்படி இல்ல தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். பிறகு ஈர உடையோடு எழுந்து போய்விட்டார். அன்று விருந்தை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சாம்பார் சாதம் பாதி அண்டா அப்படியே மிஞ்சியது.

பத்து நாள் கழித்து பாக்டரியில் மதியச் சாப்பாட்டின்போது, எனக்குப் பக்கத்து மெஷினில் சட்டைக் கை தைக்கிற பர்மியப் பெண், தன் பிறந்தநாளுக்கு மடத்தில் தானம் செய்ததாகச் சொன்னாள். கிராமத்தில் இருக்கிற அம்மா பெயரைச் சொல்லித் தண்ணீர் ஊற்றினாளாம். உன் அம்மா உயிரோடுதானே இருக்கிறாள் என்று கேட்டேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். தூரத்தில் இருக்கிறவர்களுக்குத்தானே பங்கு அனுப்ப வேண்டும், பக்கத்தில் இருந்தால் கையிலேயே கொடுத்துவிடலாமே என்றாள்.

அமா அன்று என் மகனுக்குச் சோறு போடுகிற மாதிரிதான் புண்ணியம் போட்டிருக்கிறார். அவன் எங்கே இருந்தாலும் போய்ச் சேரட்டும் என்று.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். அள்ள முடியாவிட்டாலும் போய் மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். எதிர்வீடுதான், பதினைந்து அடி தூரம். தினமும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். அவர் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவார், நானும் குனிந்துகொள்வேன். வைகாசி கடைசியில் அவர் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. உடம்பு சரியில்லாமல் மாவ்பியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருப்பதாக, சந்தையில் அவர் பக்கத்துக் கடைக்காரி சொன்னாள். தங்கையின் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தாள். வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஆனி மாதம், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை காலை, தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. என் மகன். எல்லையைத் தாண்டிவிட்டான். ஒரு தோட்டத்தில் வேலை, நண்பன் ஒருவனுக்குக் காலில் அடி, மற்றபடி நன்றாக இருக்கிறான். நான் அழுதேன், என் கணவர் அழுதார். அவன் கேட்ட முதல் கேள்வி, "ச்சீச்சீகிட்ட சொல்லிட்டியா?" என்பதுதான். இதோ சொல்கிறேன் என்றேன்.

நம்பர் என் பையில்தான் இருந்தது. எடுத்தேன், பார்த்தேன், வைத்துவிட்டேன். என்னவென்று ஆரம்பிப்பது? மன்னிப்புக் கேட்காமல் சந்தோஷத்தை மட்டும் எப்படிச் சொல்வது? இதெல்லாம் போனில் சொல்கிற விஷயமா, ஞாயிற்றுக்கிழமை லீவில் நேரில் போய்க் காலில் விழுந்து சொல்லலாம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். வெட்கத்துக்குத்தான் மரியாதை என்று பெயர் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது, தெருவில் சொன்னார்கள். அமா வியாழக்கிழமை விடியற்காலை இறந்துவிட்டார். மாவ்பியிலேயே அடக்கமும் முடிந்துவிட்டது.

ஏழாம் நாள் புதன்கிழமை. லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் வயலில் தண்ணீர் நின்றது. செத்தவரின் உயிர் ஏழு நாள் அந்த வீட்டைச் சுற்றியே இருக்கும், ஏழாம் நாள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பங்கு கொடுத்து அனுப்பிவைப்பார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. நான் நம்பினேனா என்று தெரியாது. ஆனால் நேரமாகிவிடுமோ என்று பஸ்ஸில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே போனேன்.

அமாவின் தங்கை என்னைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துகொண்டார். கோபப்படவில்லை. அக்கா தினமும் காலையில் பையன் பெயரைச் சொல்லித் தண்ணீர் ஊற்றுவாள் என்றார். கடைசி வாரம் கை நடுங்கியதால், இவர்தான் கிண்ணத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாராம். "இன்னைக்குப் போன் வரும், இன்னைக்கு வரும்னு சொல்லிக்கிட்டே இருந்தா. வந்துச்சா?"

வந்தது என்றேன். என்றைக்கு என்று கேட்டார். திங்கட்கிழமை என்றேன். அவர் திங்களிலிருந்து வியாழன்வரை மனசுக்குள் எண்ணிப் பார்த்தது எனக்கு முகத்திலேயே தெரிந்தது.

பிக்குகள் ஓத ஆரம்பித்ததும் தங்கை கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். அமாவின் பெயரைச் சொன்னேன். அதற்கு மேல் பர்மிய மொழி வரவில்லை, தமிழ்தான் வந்தது. "அமா, புள்ள உயிரோட இருக்கான். உங்களத்தான் மொதல்ல கேட்டான். நான்தான் சொல்லல" என்றேன். அவருக்குத் தமிழ் தெரியாது. பத்து இருபது வார்த்தை என் மகனிடம் கற்றுக்கொண்டிருந்தார், அதில் பாதி சாப்பாட்டுப் பெயர். சொல்லி முடிப்பதற்குள் கிண்ணத்தில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. கூடியிருந்தவர்கள் "அம்யா, அம்யா, அம்யா" என்றார்கள்.

என் மகன் இன்னும் அங்கேதான் இருக்கிறான், எப்போது திரும்புவான் என்று தெரியாது. ச்சீச்சீ போன செய்தியை அவனிடம் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆனது. தான் பத்திரமாக இருப்பது சாகும்போது அவருக்குத் தெரியுமா என்று கேட்டான். அதற்கு மட்டும் தெரியும் என்று பொய் சொன்னேன்.

புத்தாண்டு விருந்து இப்போதும் நடக்கிறது. நானும் போய் உருண்டை பிடிக்கிறேன், ஒன்றில் மிளகாய் வைக்கிறேன். தண்ணீர் ஊற்றும்போது இரண்டு பெயர் சொல்கிறேன், ஒன்று உயிரோடு இருப்பது, ஒன்று இல்லாதது. அம்யா என்றால் சரிபங்கு என்று அர்த்தம். அமா தன் புண்ணியத்தில் என் பிள்ளைக்குத் தினமும் பங்கு வைத்தார். என் சந்தோஷத்தில் அவருக்குச் சேர வேண்டிய பங்கை நான் மூன்று நாள் பையிலேயே வைத்திருந்தேன், அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.