சம்பூர் மணலில் இறுகிய பிஸ்டன்

“…எண்டபடியால பிழை உங்கட கையிலதான் மணியண்ணை. பிஸ்டனை இறுக்கிப் பூட்டினது நீங்கள், ஓடினது மட்டும்தான் நான்” என்று சொன்னான் ஜெகன்.

சொன்ன இடம் பாலையூற்றில் உள்ள, மோட்டார் சைக்கிள் திருத்துகிற என் கராச். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் நசீர், மூதூர்க்காரன், மீன் லொறி ஓட்டுபவன். தோள் எலும்பு உடைந்து, கையைத் துணியில் தொங்கப்போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தான். மற்றவர் பக்கத்துத் தேத்தண்ணிக் கடை பாக்கியம் அக்கா. அவரை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் என் கராச்சில் குரல் உயர்ந்தால் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து நிற்பது அவர் வழக்கம். நடுவில் ஜெகனின் பழைய டூ ஸ்ட்ரோக் ட்ரெயில் பைக் நின்றது. கிக்கரை மிதித்தால் அசையாது. உள்ளே பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப்போயிருந்தது.

கோபம் ஆறிய பிறகு இதை எழுதலாம் என்று பார்த்தேன். ஆறுகிற மாதிரித் தெரியவில்லை. அதனால் இப்படியே எழுதுகிறேன்.

நான் இந்தத் தொழிலை எங்கும் போய்ப் படித்தவனில்லை. வள்ளங்களின் அவுட்போட் மோட்டர்களைக் கழற்றிப் பூட்டிக் கை பழகினேன். பிறகு மோட்டார் சைக்கிளுக்கு மாறினேன். எனக்குத் தெரிந்ததில் பாதி, வண்டிக்காரர்கள் சொல்கிற சொல்லில் இருந்து வந்தது. ‘அண்ணை, வண்டி மூக்கால கதைக்குது’ என்று ஒருவர் சொன்னால் சைலன்சர் அடைத்திருக்கிறது என்று எனக்கு விளங்கும். ‘காலமை எழும்ப விருப்பமில்லாமக் கிடக்குது’ என்றால் முதலில் பிளக்கைக் கழற்றுவேன். சனங்களின் சொல்லை நம்பித்தான் இத்தனை காலம் வேலை செய்தேன். அதனால்தான் ஜெகன் சொன்ன அந்தச் சொல் அவ்வளவு சுட்டது.

1. பேய்க்கு பிரேக்

ஜெகன் சல்லி என்ற கரையோர ஊர்க்காரன். சொந்த வள்ளம் வைத்துக் கடலுக்குப் போகிறவன். அந்த பைக்கை அவன் நிலாவெளியில் ஒரு மாட்டுக் கொட்டிலில் இருந்து மீட்டு எடுத்தான். டாங்கில் துரு, சீற்றில் கோழி முட்டையிட்ட அடையாளம். இறக்கி வைத்துவிட்டு, “அண்ணை, இதைப் பேய் மாதிரி ஆக்கித் தாங்கோ” என்றான்.

“பேய்க்கு பிரேக் இருக்கே?” என்று கேட்டேன்.

“பேய்க்கு என்னத்துக்கண்ணை பிரேக்?”

“நீ பேயில்லையே. உனக்கு வேணும்.”

பழைய வண்டிக்கு வேகம் கேட்டு வருகிற எல்லோரிடமும் நான் முதலில் பிடிக்கிற சண்டை இதுதான். முன் ட்ரம் பிரேக்கை எடுத்துவிட்டு, வேறொரு வண்டியின் ஃபோர்க்கோடு டிஸ்க் போட்டேன். பின் ஷொக்கை மாற்றினேன். அதற்குப் பிறகுதான் எஞ்சின். சிலிண்டரை லேத்தில் கொடுத்து உட்துளையைக் கடைந்து, அந்த அளவுக்குப் புதுப் பிஸ்டனும் ரிங்கும் போட்டேன். கிராங்க் சீல் புதிது. ரீட் வால்வின் தகடுகள் புதிது. சிலிண்டரின் மூடியான ஹெட்டைக் கொஞ்சம் சீவி, உள்ளே அமுங்குகிற அழுத்தமான கொம்பிரஷனைக் கூட்டினேன். புகை போகிற, வயிறு வீங்கின பெரிய எக்ஸ்பான்ஷன் பைப்பை அவனே கொழும்பிலிருந்து எடுப்பித்துக் கொண்டு வந்தான்.

ஒரு விடயத்தில் மட்டும் நான் அசையவில்லை. இந்த வண்டியில் எஞ்சின் எண்ணெய்க்குத் தனி டாங்கும் தனிப் பம்ப்பும் இருக்கின்றன. எண்ணெயை அது தானாக எடுத்துக்கொள்ளும். ‘அதைக் கழட்டி எறியுங்கோ, நான் வள்ளத்துக்குக் கலக்கிற மாதிரி எண்ணெயைப் பெற்றோலில கலந்து ஊத்துவன்’ என்று அவன் நின்றான். பம்ப் இருந்தால்தான் வண்டி வெளியே போகும் என்று நான் நின்றேன். கடைசியில், “ஓம், ஓம், பம்ப் இருக்கட்டும். நீங்கள் கதைச்சு வெல்லுற ஆள்” என்றான்.

வண்டியைக் கொடுக்கும்போது டாங்க் மூடியில் விரலை வைத்து, “இதுக்குள்ள பெற்றோல் மட்டும். வேற ஒண்டும் போகக் கூடாது” என்று சொன்னேன். பாக்கியம் அக்கா கேட்டுக்கொண்டு நின்றார். “பிள்ளைக்குப் பால் குடுக்கிற மாதிரியெல்லோ சொல்லுறியள்” என்று அவர் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது.

2. மணல்

ஓட்டிப் பார்க்க சாம்பல்தீவுக்குப் பின்னால் உள்ள பற்றைக்காட்டுப் பாதைக்குப் போனோம். ஜெகன் இதில். நசீர் தன் ஃபோர் ஸ்ட்ரோக் ட்ரெயில் பைக்கில். அவர்கள் இருவருக்கும் பழக்கம் மீனில் தொடங்கியது. ஜெகனின் வள்ளத்து மீனை ஏற்றுவது நசீரின் லொறி. ஓய்வு கிடைத்தால் இருவரும் காட்டுப் பாதையில் ஓடுவார்கள்.

இதை ஓடாதவர்களுக்குச் சொல்கிறேன். மணலில் சீற்றில் இருந்து ஓட ஏலாது. மிதிகட்டையில் எழும்பி நிற்க வேண்டும், முழங்காலால் டாங்கைப் பிடிக்க வேண்டும், பார்வை முன் சக்கரத்தில் இருக்கக் கூடாது. கையால் முறுக்குகிற த்ரொட்டிலை விட்டால் முன் சக்கரம் புதையும். ஆகவே மணல் முழுக்க எஞ்சின் கத்திக்கொண்டே இருக்கும். ஆனால் வண்டி ஓடுகிற வேகம் குறைவு. வேகம் குறைந்தால் காற்றுக் குறைவு. இந்த எஞ்சினைக் குளிரப்பண்ணக் காற்றைத் தவிர வேறொன்றும் இல்லை. இந்தக் கடைசி வரியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு வண்டி பாடியது. நீல நிறமாய் மெல்லிய புகை. பற்றைக்குள்ளால் போய் மற்றப் பக்கத்தால் வெளியே வந்தபோது ஜெகனின் முகம் முழுக்கப் பல்லாக இருந்தது. பின்னால் வந்த நசீர் ஹெல்மெற்றைக் கழற்றிவிட்டு, “மணியண்ணன், நீங்க இதுக்குள்ள என்னத்த வெச்சீங்க? இவன்ட புழுதியத் திண்டே என்ட வயிறு நெறஞ்சிட்டு” என்றான்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். நல்ல தேத்தண்ணி நிறம். எரிபொருள் சரியாக எரிகிறது என்று அதற்கு அர்த்தம். அதன் பிறகும் பல தடவை அவன் அந்த வண்டியில் காட்டுக்குப் போய் வந்தான். ஒரு குறையும் சொல்லவில்லை.

3. செய்யாத பிழைக்கு மன்னிப்பு

சம்பூர்ப் பக்கம் ஓடப் போன அன்றைக்குத்தான் அது நடந்தது. பனங்கூடல் ஓரமாக நீண்ட மணல் பாதை. ஜெகன் முன்னுக்கு, நசீர் பின்னுக்கு. முழு த்ரொட்டிலில் போய்க்கொண்டிருந்த ஜெகனின் எஞ்சின் திடீரென்று இறுகியது. பின் சக்கரம் பூட்டுப் போட்டது போல நின்றது. அவன் வண்டியோடு குறுக்கே விழுந்தான். பின்னால் வந்த நசீருக்கு இரண்டு வழிதான். ஒன்று, ஜெகனின் மேலால் ஏற வேண்டும். மற்றது, பனை. நசீர் பனைக்குத் திருப்பினான்.

ஜெகனுக்கு முழங்காலில் உரசல் காயம். நசீருக்குத் தோள் எலும்பு இரண்டு துண்டு.

ஆஸ்பத்திரி வாசலில் நசீரின் உம்மா ஜெகனைக் கேட்டார், என்ன நடந்தது என்று. இவன் சொன்ன பதில்: “மெக்கானிக் பிஸ்டனை இறுக்கிப் பூட்டிப்போட்டார் உம்மா.”

அந்த ஒரு வாக்கியம் நான் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் மூதூர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. உம்மா எனக்குப் போன் எடுத்தார். “மகன், நீங்க காசுக்குச் செய்ற வேலயில எங்கட புள்ளட உசிரு இரிக்கி எண்டு உங்களுக்கு விளங்கல்லியா?” என்று கேட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மூதூரிலிருந்து என்னிடம் வருகிற ஓட்டோக்காரர்கள் வருவதை நிறுத்தினார்கள். ஒருவர், “குறை நினைக்க வேணாம் அண்ணன், வீட்டில விடுறாங்க இல்ல” என்று போனில் சொன்னார். மற்றவர்கள் அதையும் சொல்லவில்லை.

நசீரைப் பார்க்கப் போனேன். அவன் என்னை ஏசவில்லை. “நீங்க வேணுமெண்டா செஞ்சீங்க? விடுங்க மணியண்ணன். மன்னிச்சாச்சு” என்றான்.

அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற எனக்குக் கோபம்தான் வந்தது. செய்யாத பிழைக்கு ஏச்சு வாங்கலாம், திருப்பி ஏசலாம். செய்யாத பிழைக்கு மன்னிப்பு வாங்கினால் அதைத் திருப்பிக் கொடுக்க இடமில்லை. “தம்பி, உன்ர மன்னிப்பு எனக்கு இப்ப வேண்டாம். எஞ்சினைக் கழட்டாமல் நானும் ஒண்டும் சொல்லேலாது, நீயும் ஒண்டும் சொல்லேலாது. கழட்டேக்க நீ வந்து இருக்கவேணும்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜெகன் வண்டியைக் கொண்டுவர மறுத்துக்கொண்டிருந்தான். கடல் நல்லாயிருக்கு, இப்ப ஏலாது என்றான். பிறகு கடல் சரியில்லை, மனம் சரியில்லை என்றான். கடைசியில் நானே சல்லிக்குப் போய் வண்டியையும் அவனையும் ஒரு சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வந்து இறக்கி வைத்த கையோடுதான், நசீரையும் பாக்கியம் அக்காவையும் வைத்துக்கொண்டு, நான் மேலே எழுதிய அந்த வார்த்தையை அவன் சொன்னான்.

4. கிண்ணம்

நான் டாங்கைத் திறந்தேன். உள்ளே பளபளவென்று புதுப் பெற்றோல். வண்டி விழுந்து இவ்வளவு காலம், ஓடவே இல்லை. புதுப் பெற்றோல் எதற்கு? நான் குனிந்து கீழே பார்த்தேன். டாங்கின் குழாய் மூடியிருந்தது. கார்புரேட்டரின் அடியில், எஞ்சினுக்குப் போகுமுன் எரிபொருள் தங்கி நிற்கிற ஒரு சின்னக் கிண்ணம் உண்டு. குழாய் மூடியிருந்தால், கடைசியாக எஞ்சின் குடித்தது அதற்குள் அப்படியே நிற்கும். ஒரு ஜாம் போத்தலை அடியில் பிடித்து ஆணியைத் தளர்த்தினேன். கால் போத்தல்கூட வரவில்லை.

நான் மோந்து பார்க்குமுன் பாக்கியம் அக்கா மணத்தைப் பிடித்துவிட்டார். “ஆர் இங்க மண்ணெண்ணெய்க் குப்பி விளக்குக் கொளுத்தப் போறது?” என்றார்.

போத்தலை நசீரிடம் நீட்டினேன். நல்ல கையால் வாங்கி மூக்கடியில் பிடித்தான். மீன் லொறிக்காரன், வாழ்க்கை முழுக்க வள்ளங்களுக்குப் பக்கத்தில் நின்றவன். அவனுக்கு நான் ஒன்றும் படிப்பிக்கத் தேவையிருக்கவில்லை. போத்தலைக் கீழே வைக்காமல் ஜெகனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கள் பக்கத்து வள்ளங்களின் மோட்டர்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணுவார்கள். சூடேறியதும் எண்ணெய் கலந்த மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அது அந்த மோட்டருக்குச் சரி. அதன் கொம்பிரஷன் குறைவு, அதற்குக் கடலே தண்ணீர் ஊற்றிக் குளிரப்பண்ணுகிறது. நான் ஹெட் சீவின எஞ்சினுக்கு, மணலில் முழு த்ரொட்டிலில், மண்ணெண்ணெய் ஊற்றினால் அது உள்ளுக்குள் சுத்தியலால் அடிக்கிற மாதிரி வெடித்து எரியும். பிஸ்டன் சூட்டில் ஊதிப் பருக்கும். ஊதினால் இறுகும். பிறகு சிலிண்டரைத் தட்டிக் கழற்றியபோது பிஸ்டனின் தலை கறையான் தின்ற பலகை போல இருந்தது. ஆனால் அதைப் பார்க்கவே தேவையிருக்கவில்லை.

“எங்க ஊத்தினனீ?” என்று கேட்டேன்.

ஜெகன் நிலத்தைப் பார்த்துச் சொன்னான். “சம்பூர்க் கரையில. நசீர் மரத்தடியில மத்தியான லுஹர் தொழுதுகொண்டு நிக்கேக்க. தெரிஞ்ச பெடியன்ர வள்ளத்தில மண்ணெண்ணெய்க் கான் இருந்தது. பெற்றோல் முடியப் போகுது எண்டு கண்டனான்.”

“நசீரின்ர டாங்கில பெற்றோல் இருந்ததே. ஒரு குழாய் போட்டு இழுத்திருக்கலாமே.”

“எப்பிடியண்ணை கேக்கிறது? காலமை முழுக்க அவன்ர வண்டியை ஆமை எண்டு பகிடி பண்ணிப்போட்டு.” பிறகு, தன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிற மாதிரி, “சூடேறினாப் பிறகு எஞ்சினுக்கு நாக்கு இல்லைத்தானே அண்ணை. வள்ளத்தில எல்லாரும் அப்பிடித்தானே ஓடுறம்” என்றான்.

வேறொரு நாள் என்றால் அந்தச் சொல்லை நான் ரசித்திருப்பேன். எஞ்சினுக்கு நாக்கு இல்லை. நல்ல சொல்தான். அன்றைக்கு அது என் காதில் நெருப்பாய் விழுந்தது. நான் கத்தினேன். தெருவில் போன, பாண் விற்கிற வண்டிகூட நின்றது. மண்ணெண்ணெய் ஊற்றியதற்காக நான் கத்தவில்லை. கடலில் பழகினவன் கரையிலும் அதையே செய்தான், அது மடைத்தனம், அதற்கு ஒரு ஏச்சுப் போதும். ஆனால் விழுந்த பிறகு கூட்டாளியின் உம்மாவின் முகத்தைப் பார்த்து என்னைச் சொல்லிவிட்டு, டாங்கை ஊற்றிக் கழுவி, புதுப் பெற்றோல் நிரப்பினானே, அது மடைத்தனம் இல்லை. அதற்கு யோசித்திருக்கிறான். கிண்ணத்தை மட்டும் யோசிக்கவில்லை.

இதை வாசிக்கிற இளம் மெக்கானிக்குகளுக்கு இரண்டு விடயம் சொல்ல வேண்டும். பழைய எஞ்சினுக்கு நாம் பலத்தைக் கூட்டும்போது அதன் பொறுமையைக் குறைக்கிறோம். முன்பு அது எதைக் குடித்தாலும் இருமிக்கொண்டாவது வீடு வந்து சேரும். இப்போது சேராது. வண்டியை எடுக்க வருகிறவனிடம் என்ன போட்டோம் என்று மட்டும் சொல்லாதீர்கள், இனி அது எதைத் தாங்காது என்றும் நாலு பேருக்கு முன் சொல்லுங்கள். மற்றது, இறுகின எஞ்சினைத் திறந்து காட்டுமுன் ஒருவரின் பழியையும் வாங்காதீர்கள், ஒருவரின் மன்னிப்பையும் வாங்காதீர்கள். எவ்வளவு அன்பானவர் கொடுத்தாலும்.

நான் கத்தி முடித்த பிறகு நசீர் கேட்டான்.

“நான் உம்மாக்கிட்ட என்ன சொல்ற, ஜெகன்?”

ஜெகன் நசீரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கையை டெனிமில் துடைத்தான். பொக்கற்றிலிருந்து போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தினான். மணி போகிற சத்தம் எங்களுக்கெல்லாம் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, மேசையில் அந்த ஜாம் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தான். அங்கே எடுத்தார்கள்.

“உம்மா, நான் ஜெகன். நசீர் சுகமா இருக்கிறான், பயப்பிடாதேங்கோ” என்றான். பிறகு குனிந்து போனுக்குக் கிட்ட வாயைக் கொண்டுபோய், “வண்டிக்கு மண்ணெண்ணெய் ஊத்தினது நான்” என்றான்.