முப்பத்திரண்டு படி, மூன்று சொட்டுப் பால்

குறைமாதப் பிள்ளைகளுக்குப் பால் கொண்டுபோகிறவனின் கை ஆடக்கூடாது. உள்ளே என்ன ஆடினாலும் ஆஸ்பத்திரி அதைக் கேட்பதில்லை. அடுத்தவர் சந்தோஷத்தைப் பார்த்து வயிறெரிந்துகொண்டே சம்பளம் வாங்கியவர்கள் உங்களிலும் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

என் மனைவி லெட்சுமியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு சாதாரண வேலை நாள் காலையில். தேயிலைக் கொழுந்து எடுக்கப் புறப்பட்டு, இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றியபடி எங்கள் ஒற்றை அறைக் காம்பரா வாசலில் நின்றாள். அன்று மத்தியானம் மலையில் மயங்கி விழுந்தவள் பிறகு கண் திறக்கவில்லை. காலையில் நான் பஸ்ஸுக்கு ஓடும்போது அவள் சொன்னது இவ்வளவுதான்: "டின்னுல தேயிலத்தூள் முடிஞ்சிரிச்சி. வாரப்ப வாங்கிட்டு வாங்க."

அந்த டின்னைப் பற்றிச் சொல்வதென்றால் என் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

மூன்று சொட்டு

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கையில் ஓப்பநாயக்கப் பக்கம். பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில், தொண்ணூற்று ஐந்தில் எனக்கு அட்டெண்டன் வேலை கிடைத்தது. தாய்மார் கீழ்மாடியில். குறைமாதப் பிள்ளைகள் மேல்மாடியில், கண்ணாடிப் பெட்டிக்குள். தாய்மார் பாலைப் பீச்சிச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து மூடி, கட்டில் நம்பர் எழுதிய பிளாஸ்டரை ஒட்டி, கதவுக்கு வெளியே பலகையில் வைப்பார்கள். முப்பத்திரண்டு படி ஏறி நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அங்கே பொறுப்பாக இருந்த தலைமை நர்ஸ், பெரிய மிஸ்ஸுக்குத் தமிழ் வராது. தோட்டத்துத் தாய்மாருக்கு, தெரிந்த சிங்களமும் பயத்தில் வராது. அதனால் பேச்சையும் நானே சுமந்தேன்.

முதல் வாரத்தில் ஒரு கிண்ணத்தில் மூன்று சொட்டுதான் இருந்தது, மஞ்சளாக. இதையா கொடுக்கப்போகிறீர்கள் என்று மிஸ்ஸைக் கேட்டேன். அவர் பிள்ளையின் மூக்கில் போட்டிருந்த குழாய் வழியே அதை மெதுவாக இறங்கவிட்டார். ஏழு மாதத்துப் பிள்ளையின் குடல் இன்னும் செய்து முடியாத குடல், உள்தோல் மெல்லிசு, இந்த மஞ்சள் பால்தான் அதற்குப் பூச்சு, இதைக் கொண்டுதான் அது முதிர்கிறது என்று சொன்னார். டின் பால்மாத்தூள் கொடுத்த குறைமாதப் பிள்ளைகளுக்கு வயிறு ஊதிக் குடல் கெடுவது அதிகம் என்றும் சொன்னார். அதற்காகவே நாடா வைத்துப் பிள்ளைகளின் வயிற்றை அளந்துகொண்டிருந்தார்கள். "முதல் பாலைக் கொட்ட வேண்டாம் என்று அந்தத் தாயிடம் போய்ச் சொல்" என்றார்.

இறங்கிப் போய்ச் சொன்னேன். அந்தப் பெண் கிண்ணத்தையும் என்னையும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இத்தினூண்டு பாலுக்கு மாடி ஏறி எறங்குறீங்களே அண்ணே, காலு வலிக்கலயா?"

வாழையடியில் ஊற்றியது

வலித்தது காலில் அல்ல. அதற்கு இரண்டு வருடம் முன்னால் எங்களுக்கும் ஏழு மாதத்தில் ஒரு பெண்பிள்ளை பிறந்தது, காம்பராவிலேயே. மஞ்சள் பால் கெட்ட பால் என்பதுதான் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வழக்கம். லெட்சுமி சிரட்டையில் பீச்சிக் கொடுத்தாள். நான் கொண்டுபோய்ப் பின்னால் வாழையடியில் ஊற்றினேன், மூன்று நாள்.

லயத்தில் பேப்பர் படிக்கிறவன் நான் ஒருவன்தான். கொழுகொழுவென்று ஒரு பிள்ளை சிரிக்கும் பால்மா விளம்பரத்தைப் பார்த்து, மஞ்சள் மூடி போட்ட டின் ஒன்று வாங்கிவந்தேன். கரண்டியால் ஊட்டினோம். ஒன்பதாம் நாள் வயிறு கல்லாகிவிட்டது. தோட்டத்து லொறியில் போகும் வழியிலேயே பிள்ளையின் மூச்சு நின்றது. அந்த டின்னால்தானா என்று எந்த டொக்டரும் சொல்லவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை. டின்னைத் திறந்த அன்று பக்கத்துக் காம்பராக்காரர் எட்டிப் பார்த்துச் சொன்னது மட்டும் காதை விட்டுப் போகவில்லை: "ஒங்க புள்ள தொர வூட்டுப் புள்ள கணக்கா வளரப்போவுது பாருங்க."

முதலாளியின் நூறு டின்

டவுனில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் முதலாளிக்குக் குறைமாதத்தில் மகன் பிறந்தான். மனுசன் பெட்டியோடு பால்மா கொண்டுவந்து மாடி வாசலில் இறக்கினார். பெரிய மிஸ் திருப்பி அனுப்பினார். முதலாளி கெஞ்சினார், கோபித்தார், கடைசியில் கீழே போய் மனைவியின் அறைக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். கிண்ணம் பலகைக்கு வந்ததும் என்னை அவர்தான் கைதட்டிக் கூப்பிடுவார்.

இரண்டு மில்லி, ஐந்து மில்லி, பத்து மில்லி என்று ஏறியது. வயிறு ஊதவில்லை. எனக்குத்தான் ஊதியது. அவருடைய கடையையோ வான் வண்டியையோ பார்த்து அல்ல. அவர் டின்னைத் திருப்பி அனுப்ப ஓர் ஆள் இருந்தார். என் டின்னை யாரும் திருப்பி அனுப்பவில்லை. வீட்டுக்குப் போகும் நாளில் முதலாளி மகனைக் காட்டி, என் தோளைத் தட்டிச் சொன்னார்: "கடையில நூறு டின் கெடக்கு தம்பி, இவரு குடிக்க ஒண்டுகூடத் தோதில்லயாம்."

செல்வியின் கிண்ணம்

தினமும் நான் வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போது லெட்சுமி கேட்பாள்: "இன்னிக்கி எத்தன மில்லி?" கணக்கைச் சொல்வேன். காரணத்தைச் சொல்ல மாட்டேன். மஞ்சள் பாலைப் பற்றி ஊர்த் தாய்மாருக்கெல்லாம் சொன்ன வாய் வீட்டில் திறக்கவில்லை. தெரிந்தால் என்னை எப்படிப் பார்ப்பாளோ என்ற பயம்.

அப்போதுதான் எங்கள் லயத்துச் செல்வி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள், ஏழு மாதத்தில் பிறந்த பெண்பிள்ளையோடு. அந்தப் பிள்ளை ஒன்பதாம் நாளைத் தாண்டிய அன்று, கிண்ணத்தோடு படியேறினேன். பாதிப் படியில் ஒரு ஜன்னல். கிண்ணத்தை அதன் விளிம்பில் வெயிலில் வைத்துவிட்டு நின்றேன். கொட்ட நினைக்கவில்லை. கொடுக்கவும் மனம் வரவில்லை. எவ்வளவு நேரமோ தெரியாது. மிஸ் மேலேயிருந்து கூப்பிட்டபோது அந்தப் பால் சூடேறி, கொடுக்க ஆகாததாகிவிட்டிருந்தது. கை தவறிக் கொட்டிவிட்டது என்று பொய் சொன்னேன். செல்வியிடமும் அதையே போய்ச் சொன்னேன். மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தவள் வேறு கிண்ணத்தை எடுத்தாள். "பரவாயில்லண்ணே, பத்து நிமிசம் நில்லுங்க, இன்னும் வரும்."

அதன்பிறகு நான் அந்த ஜன்னல் பக்கம் திரும்பாமலேதான் படியேறினேன்.

பீலிக்கரை

செல்வி பிள்ளையோடு லயத்துக்குத் திரும்பினாள். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நின்று, முதல் பால், குடல், பூச்சு என்று நான் சொன்னதையெல்லாம் என் பேரைச் சொல்லியே எல்லாருக்கும் சொல்லியிருக்கிறாள். எனக்குக் கதை பஸ்ஸிலேயே வந்துவிட்டது. அன்று வீட்டுக்கு நடந்த தூரம்தான் என் ஆயுளில் நீளமான தூரம்.

லெட்சுமி செல்வியின் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வாசலில் இருந்தாள். ஆசையாக அதன் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். இவளுக்கு மட்டும் ஏன் பொறாமை வரவில்லை என்று அதற்கும் பொறாமைப்பட்டேன். பிள்ளையைக் கொடுத்துவிட்டு வந்து பிளேன்டீ ஊற்றினாள். நான் ஆரம்பிக்கப் போனேன். கையைக் காட்டி நிறுத்தினாள். தோட்டத்து மருத்துவிச்சி அம்மா அவளிடம், பிள்ளை போன அடுத்த வருடமே எல்லாம் சொல்லிவிட்டாராம். நான் ஆஸ்பத்திரியில் சேர்வதற்கும் முன்னால்.

"பீச்சிக் குடுத்தது நான்தானேங்க. நீங்க எப்ப வாயத் தெறப்பீங்கன்னுதான் தெனம் எத்தன மில்லின்னு கேட்டேன்."

அதற்குப் பிறகும் அவள் கேட்டாள். நான் கணக்கோடு காரணத்தையும் சொன்னேன். அப்படி இரண்டு வருடம் கிடைத்தது.

இத்தனை வருடம் ஊரார் பிள்ளைகளுக்குப் பால் சுமந்தவன் வீட்டில் மிஞ்சியிருப்பது மஞ்சள் மூடி போட்ட அந்த ஒரு டின். தேயிலைத்தூளுக்கு நல்ல டின், இன்னும் துருப்பிடிக்கவில்லை.