‘கசின்’ என்ற சொல்லுக்குள் ஒன்பது வட்டங்கள்

யாராவது ‘கசின்’ என்று சொன்னால், அக்கா கையிலிருக்கும் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். “கசின்னா? யாரோட பிள்ளை?” வேலை பார்த்த இருபத்திரண்டு வருடமும் இதே கேள்விதான். அந்த மருத்துவமனையில் எல்லோருக்கும் அவர் ‘யார் பிள்ளை அக்கா’. ஆங்கிலம் தெரியாமல் வரும் நோயாளிகளின் பேச்சை மருத்துவர்களுக்கு மாற்றிச் சொல்வது அவர் வேலை.

“அத்தை மகனும் கசின், பெரியம்மா மகளும் கசின். இங்கிலீஷ்காரன் எல்லாரையும் ஒரே பையில திணிச்சு வச்சிருக்கான். நாமதான் ஒவ்வொருத்தரா வெளிய எடுக்கணும்” என்பார்.

அவர் விடுப்பெடுத்த ஒரு நாளில்தான் சிக்கல் வந்தது. சிறுநீரகம் பழுதான தையல்காரர் ஒருவருக்கு, லாரி ஓட்டும் ஒருவர் தன்னுடையதில் ஒன்றைத் தர வந்திருந்தார். தையல்காரரின் மனைவி படிவத்தில் ‘கசின்’ என்று எழுதியிருந்தார். டிரைவரோ, உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் குழுவின் முன்னால் “என் அண்ணன்” என்றார். அக்காவுக்குப் பதிலாக வந்தவர் அதை ‘பிரதர்’ என்று மாற்றிவிட்டார். இருவருக்கும் அப்பா பெயர் வேறு. காசுக்கு விற்க வந்த ஆளோ என்று குழுவுக்குச் சந்தேகம். மறுநாள் மாலைக்குள் உறவை நிரூபிக்காவிட்டால் அறுவை சிகிச்சை ரத்து.

மறுநாள் காலை டிரைவர் வராந்தாவில் பொருமிக்கொண்டிருந்தார்.

“பெரியப்பா மகனை அண்ணன்னு சொல்லாம வேற எப்படிக்கா சொல்றது? நான் என்ன பொய்யா சொன்னேன்?”

“நீ சொன்னதும் சரி, உங்க அண்ணி எழுதினதும் சரி. ரெண்டு சரியும் சேர்ந்து உன்னைப் பொய்யனாக்கிடுச்சு. வாயை மூடிக்கிட்டு பின்னால வா தம்பி.”

குழுத் தலைவரான மருத்துவரிடம் அக்கா கேட்டது ஒரே அனுமதிதான்: டிரைவரையும் அண்ணியையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும். முதலில் டிரைவர். தாத்தாவுக்கு ஒரு வட்டம், பாட்டிக்கு ஒரு வட்டம் என்று அவர் சொல்லச் சொல்ல, அக்காவின் தாளில் பெயரோடு ஒன்பது வட்டங்கள் விழுந்தன. அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, புதுத் தாளோடு அண்ணியை அழைத்தார்.

“பதினோரு வயசுலயே இறந்துபோன அத்தை ஒருத்தங்க இருந்தாங்களாம். அவங்களையும் சொல்லணுமா?” என்று அவர் தயங்கினார்.

“சொல்லும்மா. போனவங்களும் உறவுதான்.”

மருத்துவர் இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வட்டத்தின் மேல் வட்டம், பெயரின் மேல் பெயர். சின்னப் பெண்ணாகப் போன அந்த அத்தைகூட இரண்டிலும் இருந்தாள். எந்தத் தரகனும் இவ்வளவு சொல்லிக்கொடுத்து அனுப்ப மாட்டான் என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்தார். அக்கா அதை மாற்றிச் சொல்வதற்குள் கையெழுத்து விழுந்துவிட்டது.

மூன்று மாதத்தில் தையல்காரர் தன் மிஷினில் உட்கார்ந்துவிட்டார். வட்டப் படம் மருத்துவமனையின் நிரந்தரப் படிவமானது. வேறு மருத்துவமனைகளும் நகல் கேட்டு வாங்கின.

பாராட்டுக் கூட்டத்தில், “இதை யார் சொல்லிக்கொடுத்தது?” என்று மருத்துவர் கேட்டார். “நானே யோசிச்சதுதான்” என்று அக்காவின் வாயில் வந்துவிட்டது. உண்மையில், எப்போதோ ஒரு மதியம் வார்டைத் துடைக்கும் பெண் தன் குடும்பத்தை விளக்க, வாளித் தண்ணீரில் விரலை நனைத்துத் தரையில் வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டியதுதான் அது. அந்தப் பெண் கடைசி வரிசையில் நின்று, மற்றவர்களைவிடப் பலமாகக் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று அக்கா நினைத்தார். அடுத்த மாதமே அந்தப் பெண் வேறு கட்டடத்துக்கு மாற்றப்பட்டாள். அக்கா ஓய்வு பெற்று நான்கு வருடமாகிறது. படிவத்தின் அடியில் இன்னமும் அக்காவின் பெயர் மட்டும்தான் இருக்கிறது.